தேங்காய் மெழுகும் காச்செண்ணெயும்

இருபத்துநாலு டிகிரிக்கு மேல் போனால் தேங்காய் எண்ணெய் உறைந்து நிற்காது, இளகிப் போய்விடும் என்பது ததேயுஸுக்குத் தெரியாத சங்கதியா என்ன. முப்பத்திரண்டு வருஷம் பள்ளிக்கூடத்து வேதியியல் ஆய்வகத்தில் பிள்ளைகளுக்குச் சோதனைக் குழாய் கழுவிக் கொடுத்தவர், மூடியைத் திறந்தாலே எந்த அமிலம் என்று மூக்கால் சொல்லக்கூடியவர், ஓய்வு பெறும்போது மோதிரம் வேண்டாம் சார், அந்தப் பழைய தெர்மாமீட்டரைத் தந்தால் போதும் என்று கேட்டு வாங்கி வந்தவர். அந்தத் தெர்மாமீட்டர்தான் இப்போது சமையல் மேடையில் ஒரு கிண்ணத்து எண்ணெய்க்குள் நின்றுகொண்டு இருபத்தொன்பது, இருபத்தொன்பது என்று ஒரே சொல்லைச் சொல்லிக்கொண்டிருந்தது. ஐப்பசி மழை ஒரு வாரமாக எட்டிப் பார்க்கவில்லை. மணி இரண்டரை. ஐந்து மணிக்கு ஃபாதர் வந்து கல்லறைகளை மந்திரிப்பார், அதற்குள் ஊரே திரியோடு போய் நிற்கும். இவர் கையில் இன்னும் திரி இல்லை. மேடையின் இடது பக்கம் மகள் ரினிட்டா பெங்களூரிலிருந்து அனுப்பிய தேங்காய் மெழுகு, வெள்ளை வெளேரென்று ஒரு கிலோ, கூடவே நூல்திரிகள், எப்படிச் செய்வது என்று அவள் கையால் எழுதிய சீட்டு. வலது பக்கம் முக்கால் குப்பி எண்ணெய், பச்சை நிறத்தில். இரண்டும் தேங்காயிலிருந்து வந்ததுதான், ஒன்று தொழிற்சாலைக்குப் போய் நெஞ்சழுத்தம் கற்றுக்கொண்டு வந்தது, மற்றது வீட்டிலேயே இருந்து கெட்டது. பார்சல் வந்து ஒன்பது நாளாகிறது, ஒன்பது நாளாக மனுஷன் இதைப் பார்ப்பதும் அதைப் பார்ப்பதுமாகக் கழித்தாயிற்று, ஒரு மெழுகுதிரிக்கு இத்தனை யோசனையா என்று யாராவது கேட்டால் சிரித்து வைக்கலாம், கேட்க வேண்டியவள்தான் கல்லறையில் கிடக்கிறாளே. தலை காந்தியது. காலையில் கல்லறையைச் சுற்றிப் புல் செதுக்கியபோது துண்டை எடுத்துப்போக மறந்து, பத்து மணி வெயில் முழுவதையும் வழுக்கை மண்டையில் வாங்கிக்கொண்டு வந்திருந்தார். உச்சியிலிருந்து பிடரிவரைக்கும் தோல் வலித்து இழுத்தது, தொட்டால் சுட்டது. கடையில் விற்கிற மெழுகுதிரி ரெண்டை வாங்கி ஏற்றிவிட்டுப் போகலாம்தான், ஆனால் அந்தப் புகை மனைவி அமலோற்பவத்துக்கு ஆகாது. புற்றுநோய்க்கு ஊசி மருந்து ஏற்ற ஆரம்பித்த பிறகு கோயிலில் திரி எரிகிற மணம் பட்டாலே ஓங்கரித்துக்கொண்டு வெளியே வந்துவிடுவாள். கோயிலுக்குள் உட்கார முடியாமல் அரச மரத்துக்குக் கீழே முக்காட்டோடு நின்று பூசை கண்டாள் கடைசி நாலு மாதமும். அவளுக்குப் பிடிக்காத புகையை அவள் தலைமாட்டிலேயே வைக்கக் கூடாது அப்பா, தேங்காய் மெழுகென்றால் மணமே இருக்காது, நான் அனுப்புகிறேன் என்று ரினிட்டாதான் சொன்னாள். முதல் கல்லறைத் திருநாள். மகளுக்கு லீவு கிடைக்கவில்லை. கிறிஸ்துமஸுக்குத்தான் வருவாள்.

கிறிஸ்துமஸுக்கு வருவாள், வந்ததும் குடில் பெட்டியை இறக்கச் சொல்வாள். அங்கேதான் நினைப்பு ஒவ்வொரு தடவையும் போய் முட்டிக்கொண்டது. போன வருஷம் நோயில் குடில் வைக்கவில்லை, அதற்கு முந்தின வருஷம் கட்டிவைத்த பெட்டி பரணில் அப்படியே கிடந்தது, மாதா, சூசையப்பர், கால் உடைந்த ஒட்டகம், வைக்கோல், வைக்கோலுக்குள் இந்தக் குப்பி. இதை அங்கே வைத்தது ததேயுஸ்தான். வேறு யார் வைப்பார்கள். பார்சல் வந்த அன்றைக்கே நாற்காலி போட்டு ஏறி அதை இறக்கினார். அமலோற்பவம் காய்ச்சிய எண்ணெய். செம்பருத்தி இலை, கறிவேப்பிலை, கரிசலாங்கண்ணி எல்லாம் அரைத்து வெயிலில் உருட்டிக் காயவைத்து, ஒரு முழு நாள் அடுப்படியை விட்டு நகராமல் கிண்டி இறக்குவாள், அன்றைக்கு வீட்டில் சோறுகூட அந்த மணமாகத்தான் இருக்கும். இடுப்புக்குக் கீழே வருகிற முடி. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து வீட்டில் ஒரு தலையணை உறையும் உருப்பட்டதில்லை. இது என்ன தலையா செக்கா என்று அவர் கேட்பதும், முடி இல்லாதவங்களுக்கு வயித்தெரிச்சல் என்று அவள் சொல்வதுமாக முப்பத்தொரு வருஷம் ஒரே சண்டை, சலிக்காத சண்டை. குப்பியைக் கொட்டிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தார். பின்பக்கத்து வாழை மூட்டில் கொண்டுபோய் நின்றார், ஒரு தடவையல்ல, இரண்டு தடவை. சாய்க்கக் கை வரவில்லை. அவள் ஒரு நாள் முழுக்க நின்று காய்ச்சியதை வாழை மரத்துக்கா ஊற்றுவது. அப்புறம்தான் இந்த யோசனை வந்தது, திரியாக வார்த்து அவளிடமே ஏற்றிவிடலாம் என்று. அவள் பொருள் அவளுக்கே போய்ச் சேரும், வீட்டிலும் இருக்காது, ரினிட்டா பெட்டியைத் திறக்கும்போது ஒட்டகம் மட்டும் இருக்கும். இந்த இரண்டில் எதற்காக எரிக்கப் போகிறோம், கொடுப்பதற்கா ஒளிப்பதற்கா என்று மனம் கேட்டபோதெல்லாம் எண்ணெயின் உருகுநிலையைப் பற்றி யோசிக்கத் தொடங்கிவிடுவார், அது வசதியாக இருந்தது. விளக்காக ஏற்றலாமே என்றால், எல்லாக் கல்லறையிலும் திரி நிற்கும்போது இவர் மட்டும் பச்சை எண்ணெயைக் கொண்டுபோய் வைத்தால் அது என்ன எண்ணெய் என்று கொழுந்தியாள் எஸ்கலின் கேட்காமல் விடமாட்டாள். நேற்று சோதனை பண்ணிப் பார்த்தார். ஒரு கிளாஸில் ஊற்றித் திரியை நடுவில் நிறுத்தி ஃபிரிட்ஜில் வைத்தார், காலையில் எடுத்து மேடையில் வைத்துப் பார்த்தால் இளம்பச்சைக் கல்லாக உறைந்து அசல் மெழுகுதிரி மாதிரியே இருந்தது. ஒரு நிமிஷம் சந்தோஷம்கூட வந்தது. கல்லறைக்குப் போய்ப் புல் செதுக்கிவிட்டு வந்து பார்க்கும்போது ஓரம் கண்ணாடியை விட்டுக் கழன்று, திரி ஒரு பக்கமாகச் சாய்ந்து, சாய்ந்தபடியே எண்ணெய்க்குள் படுத்துவிட்டது. பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்குத் தெரிந்ததை அறுபத்துமூன்று வயதில் செய்து பார்த்துத் தெரிந்துகொண்ட ஆள். மெழுகோடு பாதிக்குப் பாதி கலந்தால் நிற்குமா, மூன்றில் ஒரு பங்கு கலந்தால், அப்படியானால் முக்கால் குப்பி தீர எத்தனை கிளாஸ் வேண்டும். ஆறு வேண்டும். ஒரு பெண்பிள்ளைக்கு ஆறு திரியா, ஊர் சிரிக்கும்.

இஞ்ச பாருங்க. அவள் குரல் அப்படித்தான் ஆரம்பிக்கும், பேரைச் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. இஞ்ச பாருங்க, அந்தக் காச்செண்ணெய கொஞ்சம் எடுத்துட்டு வாங்க, தல காந்துது. போன வருஷம் ஆகஸ்ட் மாதம், மாதா திருநாளுக்கு மறுநாள். அதற்கு முந்தின வாரம்தான் முடி முழுக்கப் போயிருந்தது. கொத்துக் கொத்தாகத் தலையணையில், குளியலறைச் சாக்கடை வாயில், சீப்பில். அவள் அழவில்லை, அவர்தான் பின்பக்கம் போய் மோட்டாரைப் போட்டுவிட்டு அந்தச் சத்தத்துக்குள் நின்று அழுதார். அழுது முடித்துவிட்டு வந்து ஒரு காரியம் செய்தார். சீப்பு, கண்ணாடி, ரிப்பன், கொண்டை ஊசி டப்பா, எண்ணெய்க் குப்பி எல்லாவற்றையும் அவள் உறங்கும்போது அள்ளி ஒளித்துவைத்தார். அவள் கண்ணில் பட்டால் நொந்துபோவாள் என்றுதான். சத்தியமாக அதற்காகத்தான். நர்ஸ் சொல்லவில்லை, டாக்டர் சொல்லவில்லை, யாரும் சொல்லவில்லை, அவராகவே செய்தார். ஆகவே அவள் எண்ணெய் கேட்டபோது அவருக்குக் கேட்டது ஒரே ஒரு சொல்தான், தல. பாவி, இன்னும் முடி வளரும் என்று நம்பிக்கொண்டிருக்கிறாளே என்று உள்ளே என்னவோ அறுந்தது. அது முடிஞ்சிட்டு என்றார். முடியாதே, போன மாசம்லா காச்சினேன், குப்பி நெறைய இருந்துதே என்றாள். முடிஞ்சிட்டுன்னா முடிஞ்சிட்டு, நான் பொய்யா சொல்லுதேன் என்று குரலை உயர்த்தினார். பொய் சொல்கிறவனுக்குக் குரல் தானாக உயரும். கடையில் இருந்து வாங்கித் தருகிறேன் என்றதற்கு வேண்டாம் என்றாள். மறுபடி ஓணம் சமயத்தில் கேட்டாள், மறுபடி கிறிஸ்துமஸுக்கு ரினிட்டா வந்திருந்தபோது கேட்டாள். அப்போதும் மகளுக்கு முன்னால் அதே பதில். அந்தத் தடவை அவள் சண்டைக்கு வரவில்லை. கட்டிலில் உட்கார்ந்து தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, எனக்கு மறதி வந்துட்டுன்னு நெனைக்கேன் மக்ளே, காச்சின மாதிரியே இருக்கு, அது போன வருசம் போல இருக்கு என்று சொன்னாள். ரினிட்டா வாயைப் பொத்திக்கொண்டு அடுக்களைக்குப் போனாள். நோய் தலைக்கு ஏறிவிட்டதோ என்று அன்று சாயங்காலமே டாக்டருக்கு ஃபோன் போட்டுக் கேட்டாள். அதற்கப்புறம் அமலோற்பவம் எதையும் உறுதியாகச் சொல்வதை விட்டுவிட்டாள். மாத்திரை தின்னேனா, வெளக்கணைச்சேனா, இன்னைக்கு வெள்ளிதானே, எல்லாவற்றையும் அவரிடமே கேட்டுக்கேட்டு நடந்தாள். அவரும் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். எவ்வளவு நல்ல புருஷன் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். பிப்ரவரியில் போய்விட்டாள்.

"அத்தான், அடுக்களையிலா நிக்கீங்க?" என்று கேட்டபடி எஸ்கலின் பின்வாசல் வழியாக வந்தாள். அமலோற்பவத்துக்கு நேர் இளையவள், அதே நெற்றி, அதே நடை, எதிரே வந்தால் அவருக்கு ஒரு நொடி மூச்சு நின்றுதான் வரும். குப்பியை எடுத்து முறத்துக்குப் பின்னால் தள்ளுவதற்கு மட்டும் நேரம் இருந்தது, கிண்ணத்தை ஒளிக்க நேரமில்லை. அவர் உடம்பால் மறைத்து நின்றார். அவள் ஒரு பை நிறைய வாடாமல்லியும் கோழிக்கொண்டையும் வைத்திருந்தாள்.

"கல்லறைக்கு அடிச்ச வெள்ளை காஞ்சிட்டு. பூவ நான் கொண்டு போறேன், நீங்க திரிய மட்டும் எடுத்துட்டு வந்தா போரும். சாமி இந்தத் தடவ நம்ம பக்கத்துல இருந்துதான் தொடங்குவாராம், பிந்திராதீங்க."

"வாறேன், வாறேன். நீ போ."

அவள் போகவில்லை. வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மூக்கு விடைத்தது.

"அத்தான், அக்காக்க எண்ணெ மணம் வருதே."

"எந்த எண்ணெ?"

"அவ காச்சுத எண்ணெ. உங்களுக்கு வரல்லியா?"

"அது இந்த மெழுகுக்க மணம். ரினிட்டா அனுப்புனதுலா, தேங்காயில செஞ்சது."

மணமே இல்லாத மெழுகு, அவளுக்கு நேரே திறந்து கிடந்தது. எஸ்கலின் அதைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு தன்னையே கேலி செய்வது போலச் சிரித்தாள்.

"எனக்குத்தான் கிறுக்கு. கொஞ்ச நாளா இப்பிடித்தான் அத்தான், பஸ்சுல இருக்கும்போ வருது, கோயில்ல இருக்கும்போ வருது. இல்லாத மணமெல்லாம் எனக்கு மட்டும் வருது. யார்ட்டயும் சொல்லிராதீங்க."

சொல்ல மாட்டேன் என்று அவர் தலையாட்டினார். அவள் பூப்பையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினாள், முருங்கை மரத்துக்குப் பக்கத்தில் ஒரு தடவை நின்று காற்றை இழுத்துப் பார்த்துவிட்டுப் போனாள்.

இல்லாத மணம். அக்காளுக்கு இல்லாத மறதி, தங்கச்சிக்கு இல்லாத மணம், நன்றாக இருக்கிறது ததேயுஸ், குடும்பத்தில் இன்னும் யார் மிச்சம், ரினிட்டா மிச்சம், அவளுக்கும் டிசம்பரில் ஏதாவது ஒன்றைக் கொடுத்துவிடலாம். மெழுகைத் துண்டு துண்டாக உடைத்துப் பாத்திரத்தில் போட்டு, அதை வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இறக்கி அடுப்பை மூட்டினார், கை பாட்டுக்குச் செய்தது. தெர்மாமீட்டரை எண்ணெயிலிருந்து எடுத்துத் துடைத்து மெழுகுக்குள் விட்டார். முப்பத்தைந்து, முப்பத்தெட்டு, ஓரங்கள் கண்ணாடியாகத் தெளிந்தன. இப்போதே எண்ணெயை இதில் விட்டுவிட்டால் கலந்துவிடும், ஒரு கிளாஸுக்கு இவ்வளவு என்று இன்றைக்கு, மிச்சத்தை ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும், கிறிஸ்துமஸுக்குள் தீர்ந்துவிடும், எட்டு வெள்ளி இருக்கிறது, கணக்குச் சரியாக வருகிறது. பொய்யும் புகையாகப் போய்விடும். அவர் கல்லறையில் அழுதுகொண்டு நிற்பதை ஊர் பார்க்கும், எப்பேர்ப்பட்ட புருஷன் என்று மறுபடி சொல்லும். குப்பியை முறத்துக்குப் பின்னாலிருந்து எடுத்து மூடியைத் திருகினார். அடுப்பின் வெக்கை முகத்தில் அடித்ததும் உச்சந்தலை பற்றி எரிகிற மாதிரி காந்தியது, காலை வெயில் இப்போதுதான் உள்ளே இறங்குகிறது போல. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். என்ன காந்தல் இது, தலையைக் கழற்றி வைத்துவிடலாமா என்கிற காந்தல். வலது கையில் குப்பி இருந்தது, இடது கை தானாகக் குழிந்தது. ஊற்றினார். யோசித்துச் செய்ததில்லை, யோசித்திருந்தால் செய்திருக்கமாட்டார், பிறந்து வளர்ந்து வழுக்கை விழுந்த நாளிலிருந்து அந்த மண்டையில் ஒரு சொட்டு எண்ணெய் வைத்தவரில்லை. உச்சியில் வைத்து அழுத்தினார். முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு குளிர்ந்தது. உள்ளங்கைக்குக் கீழே வட்டமாகத் தொடங்கி, நெற்றிக்கும் காதுக்குப் பின்னாலும் பிடரிக்கும் இறங்கி, இழுத்துப் பிடித்திருந்த தோல் ஒவ்வொரு இடமாக விட்டுக்கொடுத்தது. ஆ என்று ஒரு சத்தம் வந்தது, அவர் வாயிலிருந்துதான் வந்தது. இவ்வளவுதானா. இவ்வளவுதானா அமலி நீ கேட்டது. தல காந்துது என்று தமிழில்தானே சொன்னாள். முடி வேண்டும் என்றா சொன்னாள், வளரும் என்றா சொன்னாள், காந்துது என்றாள். அந்த மருந்து உடம்பெல்லாம் தீயாக ஓடி, மூடுவதற்கு ஒரு இழை முடியில்லாத தலையில் போய் எரிந்தபோது, இரண்டு சொட்டு எண்ணெய் கேட்டாள், தன் கையால் காய்ச்சியது, எட்டடி தூரத்தில் பரணில் ஒட்டகத்துக்குப் பக்கத்தில் இருந்தது. ஆகஸ்டிலிருந்து பிப்ரவரி வரைக்கும். மூன்று தடவை கேட்டாள், நாலாவது கேட்காமல் காந்தலோடு கிடந்தாள். அவள் நோகக் கூடாது என்றா மறைத்தாய், உனக்குப் பார்க்க முடியவில்லை, அந்த மொட்டைத் தலையில் எண்ணெய் வழிவதைப் பார்க்க உனக்குத்தான் தைரியம் இல்லை, அதைச் சொல். அவர் மேடையைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றார். எண்ணெய் புருவத்தில் இறங்கிக் கண்ணில் கரித்தது. துடைக்கவில்லை. மெழுகு அறுபதைத் தாண்டி அறுபத்தைந்துக்குப் போய்விட்டிருந்தது, சீட்டில் ரினிட்டா அறுபது என்று போட்டு அடியில் கோடு போட்டிருந்தாள்.

அடுப்பை அணைத்தார். கொஞ்சம் ஆறவிட்டு, அமலோற்பவம் கட்டன் சாயா குடிக்கிற கண்ணாடி கிளாஸின் நடுவில் திரியை நிறுத்தி, வெறும் மெழுகை ஊற்றினார். எரிவதற்கு இது போதும், எரிவதற்கென்றே செய்தது. மற்றதை எரிக்கிற உரிமை யாருக்கும் இல்லை. கிளாஸைக் கொண்டுபோய் ஃபிரிட்ஜில் வைத்தார். கிண்ணத்திலிருந்த எண்ணெயை ஒரு சொட்டு சிந்தாமல் குப்பியிலேயே திரும்ப ஊற்றினார். பரணைப் பார்த்தார். நாற்காலி இன்னும் அங்கேயேதான் கிடந்தது. குப்பியை எடுத்துப்போய் முன்னறையில் அவள் படத்துக்குக் கீழே, எல்லார் கண்ணுக்கும் தெரிகிற இடத்தில் வைத்தார். வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். கிளாஸில் மெழுகு ஓரத்திலிருந்து வெளுத்து வருவதை நடுவில் இரண்டு தடவை எழுந்துபோய்ப் பார்த்தார். நாலேகாலுக்கு ஃபோன் அடித்தது, ரினிட்டா.

"அப்பா, வார்த்தாச்சா? செட் ஆச்சா?"

"ஆச்சு மக்ளே. ஃபிரிட்ஜில வச்சிருக்கேன், இப்ப எடுத்துருவேன்."

"எண்ணெ கிண்ணெ ஒண்ணும் கலக்கல்லியே? அன்னைக்கு என்னமோ கேட்டீங்களே, எண்ணெயில செஞ்சா நிக்குமான்னு."

"கலக்கல்ல. வெறும் மெழுகுதான்."

"சரிப்பா. அம்மைக்கிட்ட நான் கேட்டேன்னு சொல்லுங்க. போட்டோ எடுத்து அனுப்புங்க."

"மக்ளே."

"என்னப்பா?"

ஒன்றுமில்லை, வைக்கிறேன் என்று சொன்னால் முடிந்தது, அவளும் வைத்துவிடுவாள், டிசம்பர் தூரத்தில் இருக்கிறது. கழுத்து வழியாக ஒரு துளி இறங்கிச் சட்டைக் காலருக்குள் போனது. குளிர்ந்துதான் போனது.

"அம்மைக்க காச்செண்ணெ இருக்கு மக்ளே. முடியல்ல. நான்தான் எடுத்து ஒளிச்சு வச்சேன்."

அந்தப் பக்கம் பெங்களூர் ரோட்டில் எதுவோ ஹாரன் அடித்தது, பேரன் எதற்கோ சிணுங்கினான், கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

"எப்பப்பா?" குரல் வேறாக இருந்தது.

"முடி போன வாரமே. அவ கேட்டப்ப எல்லாம் முக்கால் குப்பி இருந்துது." அவர் மூச்சை இழுத்துக்கொண்டார். "அம்மைக்கு மறதி ஒண்ணும் இல்ல மக்ளே. கடைசி வரைக்கும் இல்ல. எல்லாம் அவளுக்குச் சரியாத்தான் ஞாபகம் இருந்துது."

ரினிட்டா அழுகிறாளா, வைத்துவிட்டாளா என்று அவருக்குத் தெரியவில்லை, காதிலிருந்து ஃபோனை எடுத்துப் பார்க்கவும் பயமாக இருந்தது. கோயிலில் முதல் மணி அடித்தது. எழுந்து போய்க் கிளாஸை எடுத்தார், மெழுகு நடுவில் லேசாகக் குழிந்து, வெள்ளையாக, அசையாமல் நின்றது. செருப்பைப் போட்டுக்கொண்டு, கதவுக்குப் பின்னால் தொங்கிய துண்டைத் தொட்டவர் அதை எடுக்காமல் விட்டார். எண்ணெய்த் தலையோடுதான் போக வேண்டும். எஸ்கலினுக்கு மணம் வரும், அவள் கேட்பாள், இந்தத் தடவை அவளிடம் ஆமா என்று சொல்ல வேண்டும்.